மரபணுவைத் தொகுப்பதா, திருத்துவதா?

ஆந்திரத்தில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அண்மையில் ஓர் உழவர் கூட்டம் நடந்தது. புதிய நெல் ரகங்களைப் பற்றிய துண்டறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். மாமா தமிழ்ப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, 'மரபணு தொகுப்பு நெல்' என்று போட்டிருக்கிறதே, நாலைந்து நெல்லைக் கலந்து ஒரே மூட்டையாகத் தருவார்களா?" தாளைத் திருப்பித் தெலுங்கில் இருந்ததை வாசித்துக் காட்டினேன்: 'ஜன்யு சவரண'. "சவரண என்றால் உள்ளே திருத்தியிருக்கிறார்கள், அப்படித்தானே?" என்றார். தமிழில் பள்ளிப்படிப்பை முடித்தவருக்குத் தெலுங்குச் சொல்தான் பொருள் சொன்னது. அன்றிலிருந்து இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலத்தில் இது 'ஜீன் எடிட்டிங்'. சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஜீன்' என்ற பெயரை 1909இல் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் வைத்தார். நாம் மரபு, அணு இரண்டையும் சேர்த்து மரபணு என்றோம். நல்ல சொல், நிலைத்துவிட்டது. 'எடிட்' லத்தீன் வேரிலிருந்து வந்தது. வெளியே கொடுப்பது, அதாவது நூலை வெளியிடுவது என்பதுதான் முதற்பொருள். வெளியிடுவதற்கு முன் செய்யும் செப்பனிடும் வேலைக்கு அது பின்னால் பெயராயிற்று. தொல்லை இந்த இரண்டாம் சொல்லில்தான்.

'தொகுப்பு' எங்கிருந்து வந்தது? திரைப்படத்தில் எடிட்டரைப் படத்தொகுப்பாளர் என்கிறோம். அங்கே அது பொருந்தும். துண்டு துண்டாக எடுத்த காட்சிகளைச் சேர்த்துக் கோப்பதுதான் அவர் வேலை. தமிழ் விக்கிப்பீடியாவிலும் கட்டுரையை மாற்றுவதற்கான பொத்தானில் 'தொகு' என்றுதான் இருக்கிறது. அந்த வழக்கத்தில் 'எடிட்' என்று கண்ட இடமெல்லாம் 'தொகு' என்று போட்டுவிடுகிறார்கள். எந்த வேலையைக் குறிக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை.

தொகுத்தல் என்றால் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அவர் பாடல்களைத் திரட்டினார் என்றுதான் பொருள் கொள்கிறோம். பாடலுக்குள் கை வைத்தார் என்று யாரும் கொள்வதில்லை. உயிரணுவுக்குள் நடப்பதோ வேறு. கிரிஸ்பர் என்ற எடிட்டிங் முறையில் ஒரு வழிகாட்டி ஆர்என்ஏ குறித்த இடத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. காஸ்9 என்ற நொதி அங்கே டிஎன்ஏ இழையை வெட்டுகிறது. வெட்டுவாயைச் செல் தானே இணைக்கும்போது ஓரிரு எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளை அப்படிச் சொல்வது வழக்கம்) விழுந்துவிடுகின்றன, அல்லது புதிதாக நுழைகின்றன. இப்படிக் குறித்த இடத்தில் வெட்டலாம் என்று 2012இல் காட்டிய இமானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவரும் 2020இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். இதில் திரட்டுவது எங்கே இருக்கிறது?

இன்னொரு முட்டல் இருக்கிறது. ஓர் உயிரின் மரபணுக்கள் முழுவதையும் குறிக்கும் 'ஜீனோம்' என்பதை மரபணுத்தொகுதி, மரபணுத்தொகை என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். அதில் செய்யும் எடிட்டிங்கை என்னவென்று எழுதுவது, 'மரபணுத்தொகுதித் தொகுப்பு' என்றா? ஒரே வேர் பொருளையும் அதன்மேல் நடக்கும் செயலையும் குறித்தால் படிக்கிறவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

தமிழாசிரியரான நண்பர் ஒருவர், 'நன்னூல் செய்யுள் விகாரங்களில் தொகுத்தல் என்றால் எழுத்து குறைவதுதானே, ஏன் கூடாது?' என்றார். குறைவதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். நுழைவதற்கும் மாறுவதற்கும் அது உதவாது. நன்னூலைத்தான் திறப்பதென்றால் புணர்ச்சி விகாரங்களைப் பார்க்கலாம்: தோன்றல், திரிதல், கெடுதல். மரபணுவில் எழுத்து நுழைவது, மாறுவது, விழுவது ஆகிய மூன்றுக்கும் பெயர் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. பாடநூல் எழுதுகிறவர்கள் ஏன் இதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

எடிட்டிங்கை 'மரபணு மாற்றம்' என்று எழுதுகிறவர்கள் செய்வது இதைவிடக் கேடு. 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பிடி பருத்திக்கு நாம் வைத்த பெயர் அது. அதில் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தார்கள். அமெரிக்காவில் பூஞ்சை நோயால் ஏறக்குறைய அழிந்துபோன செஸ்நட் மரத்தை மீட்கக் கோதுமையின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்ததும் அதே வகை. தெலுங்கில் இதற்கு 'ஜன்யு மார்பிடி' என்று பெயர். உறுப்பு மாற்று சிகிச்சையும் அவர்களுக்கு 'அவயவ மார்பிடி'தான். வெளியிலிருந்து வந்ததற்கு மார்பிடி, உள்ளேயே நடந்ததற்கு சவரண என்று அவர்கள் கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள்.

2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த இரண்டு நெல் ரகங்களும் இரண்டாம் வகை. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா, நம் பக்கத்தில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பிபிடி 5204இலிருந்து வந்தது. கதிரில் மணி பிடிக்க உதவும் சைட்டோகைனின் என்ற இயக்குநீரைச் சிதைக்கும் மரபணு ஒன்றின் வேகத்தை அதில் குறைத்திருக்கிறார்கள். அயல் மரபணு எதுவும் இல்லை. இப்படி அயல் மரபணு இல்லாத பயிர்களுக்குப் பழைய கட்டுப்பாட்டு விதிகள் சிலவற்றிலிருந்து 2022 மார்ச்சிலேயே விலக்கும் தந்துவிட்டார்கள். அந்த விலக்கு சரியா தவறா என்று உழவர்கள் வாதிடட்டும், வாதிட வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டால் எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதே தெரியாது.

எனவே 'மரபணுத் திருத்தம்'. இதற்கும் ஒரு மறுப்பு உண்டு: திருத்தம் என்றால் முன்பு பிழை இருந்ததாக ஆகாதா, விற்கிறவனுக்குச் சாதகமான சொல் இல்லையா? இல்லை. காடு திருத்திக் கழனியாக்கினார்கள், காடு பிழையன்று. முடி திருத்துகிறோம், முடியும் பிழையன்று. சட்டத்திருத்தத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த அரிவாள் செல் என்ற ரத்த நோய்க்கான கிரிஸ்பர் சிகிச்சையைப் பாருங்கள். நோய்க்குக் காரணமான எழுத்துப்பிழையை அது தொடுவதே இல்லை. கருவிலிருந்த காலத்து ஹீமோகுளோபினைத் தடுத்து வைத்திருக்கும் பூட்டை உடைக்கிறது. அதுவும் திருத்தம்தான். 2025இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தையின் கல்லீரல் செல்களில் ஒற்றை எழுத்தைச் சரிசெய்தார்களே, அதைப் பிழைதிருத்தம் என்றே சொல்லலாம்.

கடைசியாக, 'மரபணு திருத்தப்பட்ட நெல்' என்று எழுத வேண்டாம். பட்ட, பட்ட என்று தமிழில் எல்லாவற்றையும் இழுக்கிறார்கள். அரைத்த மாவு, தீட்டிய அரிசி என்பதுபோல 'மரபணு திருத்திய நெல்' போதும். துண்டறிக்கையில் மாமா பேனாவால் அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறார்.