ஆட்சி மாறினால் வழக்கு போய்விடுமா?

2023 ஜூன் 15 அன்று, மதமாற்றத் தடைச் சட்டத்தை நீக்குவதெனக் கர்நாடக அமைச்சரவை முடிவெடுத்தது. காங்கிரஸ் ஆட்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் நாளிதழ்களைப் பார்த்தவர்கள் சட்டமே போய்விட்டது என்று நினைத்தார்கள். "இனி வாய்தாவுக்கு வரவேண்டாம்தானே, சார்?" என்று நான் வழக்கறிஞராக வாதாடும் ஒரு வழக்கின் கட்சிக்காரர் கேட்டார். கட்டாயம் வரவேண்டும் என்றேன். வராவிட்டால் பிடிவாரண்ட் பிறக்கும்.

அமைச்சரவை முடிவு வெறும் முடிவுதான். சட்டமன்றத்திலும் மேலவையிலும் நீக்கல் மசோதா நிறைவேறி, ஆளுநர் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வெளியாக வேண்டும். முன்பு முதலமைச்சர் பசவராஜ் பொம்மையின் பாஜக அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோதும் அதே பாடுதான். 2021 டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மேலவையில் பலம் போதாததால் 2022 மே மாதம் அவசரச் சட்டமாக வந்தது. செப்டம்பரில்தான் முழுச் சட்டமானது.

அந்தச் சட்டத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மதம் மாற விரும்புகிறவர் 30 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு ஆட்சியர் அலுவலகத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் பலகையில் ஒட்டப்பட்டு, ஆட்சேபம் கோரப்படும். ஒரு தலித் பெண் தன் ஊர்க்காரர்கள் வந்துபோகும் அலுவலகச் சுவரில் தன் பெயரைப் பார்க்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். பெற்றோர், உறவினர் மட்டுமல்ல, உடன் வேலை பார்ப்பவரும், கட்டாயப்படுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றினார்கள் என்று புகார் தரலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் மனம் வைத்தால்தான் கிடைக்கும். குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல். இது அநியாயம் என்பதே என் கருத்து.

ஆட்சி மாறியதும் உடனே மாறுவது காவல் நிலையத்தின் போக்குதான். அதே புகாருக்கு முன்பு அன்றிரவே முதல் தகவல் அறிக்கை பதிவாகும். இப்போது விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். இதை நம்பி யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. புத்தகத்தில் இருக்கும் பிரிவை அடுத்து வருகிறவர் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஹிஜாப் விவகாரம் வேறு வகை. 2022 பிப்ரவரி 5 அன்று வந்தது, கல்வி நிலையங்களில் சீருடையை வலியுறுத்தி ஹிஜாபுக்கு இடமில்லாமல் செய்த ஓர் அரசாணை. சட்டமன்றம் கூடாமலே இன்னோர் ஆணையால் அதைத் திரும்பப் பெறலாம். அப்படியிருந்தும், 2023 டிசம்பரில் திரும்பப் பெறுவதாகப் பேசிய முதலமைச்சர் சித்தராமையா, மறுநாளே பரிசீலித்து வருவதாகத்தான் சொன்னார்.

கட்சியின் பெயரை வைத்தும் கணக்குப் போட முடியாது. இமாச்சலத்தில் 2006இல் மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றியது காங்கிரஸ் அரசு. முன்னறிவிப்பு தரவேண்டும் என்ற பிரிவை 2012இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2019இல் பாஜக அரசு புதுச் சட்டத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலோ 2002இல் கொண்டுவந்த ஜெயலலிதாவே, 2004 மக்களவைத் தேர்தலில் படுதோல்வி கண்டதும் திரும்பப் பெற்றார். அங்கே ஆட்சி மாறவே இல்லை.

சட்டம் நீக்கப்பட்டாலும், நீக்கல் சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, நிலுவை வழக்குகள் தொடரும். அவற்றை அரசு வழக்கறிஞர் திரும்பப் பெறலாம். அதற்கும் நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். ஆகவே வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசிதழின் நகலைக் கேட்டு வாங்கி உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஜாமீன் நிபந்தனைப்படி நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள், நீதிமன்றம் தளர்த்தும்வரை ஒரு நாளும் தவறாமல் போய்ப் போடுங்கள்.