சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஸ்டட்டுக்கும் முழங்காலுக்கும் உள்ள தொடர்பு

உதைபந்தாட்டத்தில் முழங்கால் போய் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "ஆடின சப்பாத்து எங்க தம்பி?" என்றுதான். எக்ஸ்ரே வரும், சில பேரிடம் எம்ஆர்ஐயும் இருக்கும், முறிவு வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டிவிட்ட துணியோடு கால் வரும், சப்பாத்து மட்டும் வராது. அடுத்த முறை கொண்டுவரச் சொல்லி அடிப்பக்கத்தைத் திருப்பினால் காயத்துக்கான காரணத்தில் ஒரு பங்கு பல வேளைகளில் அங்கேயே இருக்கிறது. மாரியில் மாட்டின நீள அலுமினிய ஸ்டட், அதாவது தரையைப் பிடிக்க அடித்தட்டில் நிற்கிற முளை, ஆனியிலும் அப்படியே நிற்கும், ஒன்றிரண்டு கழன்று விழுந்த ஓட்டைக்குள் களி காய்ந்து இறுகியிருக்கும், மிச்சம் இருப்பதிலும் ஒரு பக்கம் தேய்ந்து விளிம்பு கூராகியிருக்கும்.

நான் இயன்மருத்துவர். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் விளையாடுகிற பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பது என் வேலை. கழற்றி மாட்டுகிற ஸ்டட்டை வடிவமைத்ததே தரைக்குத் தரை மாற்றுவதற்காக. நம் பக்கத்தில் அதைக் கழற்றுகிறவர்கள் மிகக் குறைவு. புதுச் சப்பாத்தோடு வருகிற சின்னச் சாவியும் மாற்று ஸ்டட் பொதியும் மேசை லாச்சிக்குள் போய்விடும், சப்பாத்து கிழியும் வரை வெளியே வராது. இது கவனக்குறைவு என்று நான் சொல்லவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஸ்டட்டுக்கு இரண்டு வேலை. நேராக ஓடும்போதும் திடீரென நிற்கும்போதும் தரையைப் பிடிக்க வேண்டும். உடம்பு திரும்பும்போது தரையை விட வேண்டும். முதல் வேலை எல்லோருக்கும் தெரியும், கடையிலும் அதைத்தான் சொல்லி விற்பார்கள். காயம் வருவது இரண்டாவது வேலை நடக்காதபோது. எதிராளியை ஏமாற்ற ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வெட்டுகிறீர்கள், பாதம் தரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, கீழ்க்கால் எலும்பும் அதோடு நின்றுவிடுகிறது, மேலே தொடையும் இடுப்பும் மட்டும் திரும்புகின்றன. அந்த முறுக்கு முழுவதும் வந்து சேருகிற இடம் முழங்கால். உள்ளே குறுக்காக ஓடுகிற ஏசிஎல் என்ற இணைப்பு நார் அறுவது பெரும்பாலும் இப்படித்தான். யாரோ வந்து மோதித்தான் அறும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஏசிஎல் காயங்களில் பெரும்பகுதி யாரும் தொடாமலே நடப்பவை, பிள்ளை தனியாக ஓடி, தனியாகத் திரும்பி, தனியாக விழும்.

இந்த வடிவமைப்பின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் நோக்கம் விளங்கும். முன்பு தோல் ஸ்டட்டை ஆணி வைத்துச் சப்பாத்தில் அறைந்துவிடுவார்கள், தேய்ந்தால் ஆணி வெளியே வரும், எந்தத் தரையானாலும் அதே நீளம்தான். திருகி மாட்டுகிற ஸ்டட்டை உலகம் கவனித்தது 1954 ஜூலை 4 அன்று, சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில். நல்ல மழை. அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் மேற்கு ஜெர்மனி அணியோடு இருந்தார், ஈரத் தரைக்கென்று நீள ஸ்டட் மாட்டினார்கள். இரண்டு கோல் பின்தங்கியிருந்த அணி 3-2 என்று ஹங்கேரியை வென்றது. தாங்கள்தான் முதலில் செய்தோம் என்று அவருடைய அண்ணன் ருடோல்ஃபின் பூமாவும் சொல்கிறது, அந்தச் சகோதரச் சண்டை நமக்கு வேண்டாம். அன்று நீள ஸ்டட் மாட்டியது அன்றைய தரை நனைந்திருந்ததால் என்பதுதான் நமக்கு வேண்டியது. தரை காய்ந்திருந்தால் அதே ஆட்கள் குட்டையானதை மாட்டியிருப்பார்கள்.

இப்போது நம் தரைக்கு வருவோம். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் மணல், அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல் களி, நடுவில் எத்தனையோ பாடசாலை மைதானங்களில் கிரவல் கொட்டி மட்டப்படுத்தின இறுக்கமான தரை. மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானத்தில் ஒரு கிழமை ஆடுகிற கழகம் அடுத்த கிழமை வயலோரத்து மைதானம் ஒன்றில் ஆடும். அதற்கு மேல் பருவம் வேறு. கார்த்திகை, மார்கழியில் கணுக்கால் புதைகிற சேறாக இருக்கிற அதே இடம், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். ஒரே சோடி சப்பாத்து, ஒரே நீள ஸ்டட், வருசம் முழுக்க! ஐரோப்பாவில் தண்ணீர் தெளித்துப் பராமரிக்கிற புல்தரைக்கென்று செய்த பொருளை நாம் இப்படித்தான் பாவிக்கிறோம்.

இறுகின தரையில் என்ன நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். திருகி மாட்டுகிற சப்பாத்தில் வழக்கமாக முன்னுக்கு நாலு, குதியில் இரண்டு, மொத்தம் ஆறு ஸ்டட். ஒவ்வொன்றின் முனையும் 10 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்தால் ஆறும் சேர்ந்து ஐந்து சதுர சென்டிமீட்டர்கூட வராது. 60 கிலோ உடம்பு ஒற்றைக் காலில் சும்மா நின்றாலே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் அழுத்தம். ஓடும்போதும் குதித்து இறங்கும்போதும் இது பல மடங்கு. மென்மையான தரையில் ஸ்டட் உள்ளே இறங்கிவிடும், பாரத்தை அடித்தட்டு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். இறுகின தரையில் இறங்க இடமில்லை, எனவே ஸ்டட் மேல்நோக்கிப் பாதத்தை அமுக்கும். பெருவிரல் மொழியடியிலும் குதியிலும் வலி என்று வருகிற பையன்களின் பாதத்தில் ஸ்டட் இருக்கிற இடத்திலேயே சிவந்த வட்டம் தெரியும். இன்னொன்று, 15 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிற பாதம் பக்கவாட்டில் மடிய கொஞ்சம் சறுக்கினாலே போதும். கணுக்கால் சுளுக்குக்கு அதுவே வழி.

நீளத்தையும் முழங்காலையும் இணைத்து ஆய்வு செய்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், கையில் பந்தேந்தி ஆடுகிற அவர்கள் ஊர் ஃபுட்போலில். 1971இல் டோர்க், குவெடன்ஃபெல்ட் என்ற இருவர் பிலடெல்ஃபியா பாடசாலை அணிகளைப் பார்த்து, நீளமான பழைய வகை ஸ்டட்டை விட்டுக் குட்டையான, எண்ணிக்கை கூடின வகைக்கு மாறினபோது முழங்கால் காயங்கள் குறைந்ததைக் காட்டினார்கள். 1996இல் வந்த லாம்ப்சன் குழுவினரின் ஆய்வு மூன்று வருடம் பாடசாலை வீரர்களைப் பின்தொடர்ந்தது. அடித்தட்டின் விளிம்பைச் சுற்றி நீளப் பல்லும் நடுவில் சின்னப் பல்லும் உள்ள சப்பாத்து போட்டவர்களுக்கு மற்ற வகைகளைவிட ஏசிஎல் காயம் அதிகம் என்று கண்டார்கள். அந்த விளிம்புப் பற்கள் தரையை நன்றாகவே பிடித்தன. திரும்பும்போது விடவில்லை, அதுதான் பிரச்சினை. நம் ஆட்டமும் தரையும் வேறு என்றாலும் முழங்கால் ஒன்றுதான்.

சரி, என்ன மாட்டுவது? மழை விட்டு ஈரமாக, மென்மையாக இருக்கிற புல்தரைக்கு மட்டும் நீள அலுமினிய ஸ்டட், 13 அல்லது 15 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட தரை நமக்கு வருசத்தில் சில மாதமே கிடைக்கும். கொஞ்சம் ஈரம் உள்ள சாதாரணப் புல்லுக்கு 8 அல்லது 11 போதும். கைக்கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத தரையில் திருகு ஸ்டட்டே வேண்டாம். அச்சில் வார்த்த, எண்ணிக்கை கூடின குட்டை உருண்டை ஸ்டட் உள்ள சப்பாத்து, அல்லது அடி முழுக்கச் சின்ன ரப்பர் முளைகள் உள்ள டர்ஃப் சப்பாத்து போதும். கிரவலுக்கும் இறுகின மணலுக்கும் நான் எப்போதும் டர்ஃப் சப்பாத்தைத்தான் சொல்வேன், விலையும் குறைவு. பெட்டியில் எஸ்ஜி என்று போட்டிருந்தால் மென்தரைக்கு, எஃப்ஜி என்றால் உறுதியான இயற்கைப் புல்லுக்கு, ஏஜி என்றால் செயற்கைப் புல்லுக்கு, டிஎஃப் என்றால் டர்ஃப். எஃப்ஜியை வாசித்துவிட்டு எவ்வளவு இறுகின தரைக்கும் சரி என்று எடுத்துவிடாதீர்கள், அவர்கள் சொல்கிற உறுதியான தரையும் புல்தான், நம் கிரவல் இல்லை.

மாட்டுகிற முறையும் முக்கியம். ஒரு ஸ்டட் விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது நம் வழக்கம், அப்போது தேய்ந்த ஐந்தோடு உயரமான ஒன்று சேர்ந்து, கால் குட்டையான மேசை மாதிரிப் பாதம் ஆடும். முன்னுக்கு உள்ள நாலையும் ஒரே நீளத்தில் ஒன்றாக மாற்றுங்கள், குதி இரண்டையும் அப்படியே. குதிக்குக் கொஞ்சம் நீளமானது போடுவது செட்டிலேயே வருகிற வழக்கம், அதில் தவறில்லை. ஓட்டை வெறுமையாக இருந்தால் ஆட்டம் இல்லாத நாளிலும் பழைய ஸ்டட் ஒன்றையாவது திருகி வையுங்கள், இல்லாவிட்டால் மண் போய் மரை கெட்டுவிடும். மரை கெட்ட சப்பாத்தில் பசை ஊற்றி ஸ்டட்டை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அது பிறகு கழறாது, அந்தச் சப்பாத்தை நீள ஸ்டட்டோடு காய்ந்த தரையில் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கடற்கரையோரம் இருக்கிற நமக்கு இன்னொரு தொல்லை, அலுமினிய ஸ்டட்டும் இரும்புத் திருகும் உப்புக் காற்றில், வியர்வையில் ஒன்றோடொன்று பிடித்து அரிக்கும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, மாதம் ஒருமுறையாவது கழற்றி மரையில் துளி வாஸ்லின் தடவினால் போதும். திருகு சாவியால் இறுக்குங்கள், குறடு வேண்டாம். முதல் பத்து நிமிடம் ஓடின பிறகு இன்னொரு தரம் இறுக்கிப் பார்ப்பது நல்லது, அடித்தட்டு வளைய வளையத் தளரும். தேய்ந்து கூரான அலுமினிய விளிம்பு எதிராளியின் கெண்டைக்காலைக் கிழிக்கும், மத்தியஸ்தர் ஆட்டத்துக்கு முன் சப்பாத்தைத் தூக்கிக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். உள்ளூர்ச் சுற்றுப்போட்டிகளில் அது சடங்காகிவிட்டது, உண்மையாகவே தடவிப் பாருங்கள் ஐயா.

மெய்வல்லுநர் பிள்ளைகளுக்கும் இதே பிரச்சினை வேறு உருவில். ஓட்டச் சப்பாத்தின் அடியில் உள்ள கூரான ஆணியான ஸ்பைக்கும் திருகிக் கழற்றுவதுதான். செயற்கை ஓடுபாதையில் ஸ்பைக் வெளியே 9 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது உலக மெய்வல்லுநர் விதி, உயரம் பாய்தலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12, சப்பாத்து ஒன்றுக்கு 11 ஸ்பைக் வரை. செயற்கை அல்லாத பாதையில் 25 வரை விடுகிறார்கள். பல மைதானங்களில் 9ஐவிடக் குட்டையானதைத்தான் உள்ளே விடுவார்கள். இங்கே புல்லிலும் மண்ணிலும் நீள ஸ்பைக்கில் பழகின பிள்ளை, மாகாண மட்டத்தைத் தாண்டி கொழும்பு சுகததாச மைதானத்துக்குப் போகும்போது அதே ஸ்பைக்கோடு போகிறது, ஒன்று வாசலில் மறிக்கப்படுகிறது அல்லது ரப்பர் பாதையில் ஸ்பைக் ஆழமாகக் குத்திக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வருகிறது. பயிற்றுவிப்பாளர்கள் குட்டை ஸ்பைக் ஒரு செட் வாங்கிக் குறைந்தது இரண்டு கிழமை முதலே பழக்க வேண்டும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்கள் கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளத்தில் இரும்பு ஸ்பைக்கோடு ஓடுவதை நிறுத்துங்கள், பாயில் மாட்டின முன்னங்கால் மேல் முழு உடம்பும் வந்து விழுகிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆட்டத்தை ஆடினாலும் ஏசிஎல் அறுகிற அபாயம் அவர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பு, தொடைத் தசை வலிமை, இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிகிற விதம் என்று காரணங்கள் பல. அதற்கு மேல் சந்தையில் உள்ள பெரும்பாலான சப்பாத்துகள் ஆண் பாதத்தின் அச்சில் செய்தவை, நம் வீடுகளில் அண்ணன் போட்டு விட்டதைத்தான் தங்கச்சி பஞ்சு அடைத்துப் போட்டு வருகிறாள். உள்ளே பாதம் வழுக்குகிற, வெளியே தரை விடாத சப்பாத்து அது. எட்டு முதல் பதினாலு வயது வரையான பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், குதி எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மூடவில்லை, இறுகின தரையில் குதி ஸ்டட் அங்கேயே இடிக்கும். அந்த வயதில் திருகு ஸ்டட் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜேர்சிக்குச் செலவழிக்கிற காசில் கொஞ்சம் எடுத்து 8, 11, 13 மில்லிமீட்டர் ஸ்டட் செட்டுகளும் இரண்டு சாவியும் ஒரு பெட்டியில் போட்டு மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். வாங்கும்போது மரை அளவு பொருந்துகிறதா என்று சப்பாத்தையே கடைக்குக் கொண்டுபோய்த் திருகிப் பாருங்கள், இப்போது அதிகம் வருவது 6 மில்லிமீட்டர் மரை என்றாலும் பழைய இறக்குமதிச் சப்பாத்துகளில் மாறும்.

இவ்வளவும் செய்தும் ஒரு நாள் முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தமோ உணர்வோ வந்தால் அந்த ஆட்டம் அதோடு முடிந்தது. சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம் என்று அர்த்தம், உருவி எண்ணெய் தேய்ப்பது அந்த நேரத்தில் கேடு செய்யும். துணி சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல், பிறகு எலும்பு மூட்டு மருத்துவர். வீக்கம் வற்றி நடக்க முடிகிறது என்பதற்காகக் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அறுந்த நாரோடும் நடக்கலாம், திரும்பும்போதுதான் கால் விட்டுப்போகும், அப்படி விட்டுப்போகிற ஒவ்வொரு முறையும் உள்ளே மெத்தை போல் இருக்கிற சவ்வும் சேர்ந்து கிழியலாம். சத்திரசிகிச்சை செய்தால் மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம், தசை வலிமையை இரண்டு காலிலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. அதற்கு முன் இறுதிப் போட்டி என்று யார் கூப்பிட்டாலும் இறங்க வேண்டாம்.