ஜன்னல்: வந்த சொல்லும் இருந்த சொற்களும்

சுவரில் காற்றும் வெளிச்சமும் புகுவதற்கென விடப்படும் திறப்பையும், அதில் பொருத்தப்படும் நிலை, கதவு, கம்பி ஆகியவற்றையும் சேர்த்து இன்று ஜன்னல் என்கிறோம். இது போர்த்துக்கீசிய மொழியின் ஜனெலா என்ற சொல்லிலிருந்து வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததைத் தொடர்ந்து போர்த்துக்கீசியர் கடற்கரையெங்கும் வணிகமும் குடியிருப்பும் அமைத்தபோது, சாவி, மேசை, அலமாரி முதலிய வீட்டுச் சொற்களோடு இதுவும் தமிழில் புகுந்தது. மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, இந்தோனேசிய மொழியில் ஜெண்டெலா என வழங்குவதைப் பார்த்தால், அவர்களுடைய கப்பல்கள் எந்தெந்தத் துறைகளில் நின்றன என்பதை இந்த ஒரு சொல்லைக் கொண்டே ஓரளவு ஊகித்துவிடலாம். ஈழத்தில் இதை யன்னல் என்று எழுதுவது பெருவழக்கு. கிரந்த எழுத்தை விலக்குவோர் சன்னல் என்பர்.

ஜனெலாவுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இலத்தீனில் வாயிலைக் குறிக்கும் யானுவா என்ற சொல்லின் சிறுமை வடிவத்திலிருந்து அது பிறந்தது. எனவே அதன் வேர்ப்பொருள் 'சின்ன வாசல்' என்பதே. வாயில்களுக்குரிய உரோமானியக் கடவுளான யானுசின் பெயரும் அந்த வேரைச் சேர்ந்தது. ஆண்டின் வாசலாக நிற்கும் ஜனவரி அவர் பெயரால் அமைந்தது. ஆக, ஜன்னலும் ஜனவரியும் தூரத்து உறவினர்கள்.

ஜன்னலுக்கு நிகராக முதலில் சொல்லப்படுவது சாளரம். சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் இளங்கோவடிகள், 'கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து' தென்றல் வண்டோடு உள்ளே வந்ததாகப் பாடுகிறார். இங்கே சாளரம் என்பது ஒரே பெரிய திறப்பு அன்று. சிறுசிறு கண்களாகத் துளையிட்ட அமைப்பு. வலை, பின்னல் என்று பொருள்படும் ஜாலம் என்ற வடசொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. அது எவ்வாறாயினும், சிலப்பதிகாரக் காலத்திலிருந்து வழங்கிவரும் ஒரு சொல்லை அயற்சொல் என்று இன்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஐயத்துக்கு இடமின்றித் தமிழாகவே நிற்பது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். அதே காப்பியத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மாளிகைகளை 'மான்கண் காலதர் மாளிகை' என்கிறது. மானின் கண்போன்ற துளைகளையுடைய காற்றுவழிகள் அவை. ஆங்கிலத்தின் விண்டோ என்ற சொல்லும் 'காற்றின் கண்' என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்தே வந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் காற்றையும் கண்ணையும் ஒரே திறப்பில் கண்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. பொது எழுத்தில் ஜன்னலுக்குச் சாளரத்தை ஆளுவதும், கதவுக்கு மேலோ கூரையை ஒட்டியோ காற்றோட்டத்துக்காக மட்டும் வைக்கப்படும் வென்டிலேட்டருக்குக் காலதரை ஆளுவதும் பொருத்தம் என்பது என் கருத்து. பேச்சில் ஜன்னல் என்பதை மாற்ற முயல்வது வீண்வேலை.

திறப்பின் பெயர் கடல் கடந்து வந்தாலும், அதன் உறுப்புகளுக்குத் தச்சர் வழங்கும் சொற்கள் பழையவை. ஜன்னல் நிலை, கதவு நிலை என்று இன்று அவர்கள் சட்டத்தைக் குறிக்கும் அதே சொல், சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் 'ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை' என்று அரண்மனை வாயிலுக்கு வருகிறது. வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிய உயர்ந்த நிலை அது. அப்பாட்டில் கதவைப் பூட்டப் பயன்படும் தாழ், இன்றைய தாழ்ப்பாளில் அப்படியே இருக்கிறது.

பலகணி என்ற சொல்லில் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். பல கண்களையுடைய சாளரமே பலகணி. ஒலி ஒத்திருப்பதால் பால்கனிக்கு இதைத் தமிழாக எழுதுவோர் பலர். பால்கனி இத்தாலிய மொழி வழியாக வந்த வேறொரு சொல். சுவருக்கு வெளியே நீண்டு, ஆள் நிற்க இடம் தரும் மேடையை அது குறிக்கும். அதற்கு மாடிமுகப்பு என்று எழுதினால் போதும். பலகணியில் கண்ணை வைத்துப் பார்க்கலாமே தவிர, நாற்காலி போட்டு உட்கார முடியாது.