ஹார்டுவேர் – வன்பொருள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ ‘ஹார்டுவேர்ஸ்’ என்று பலகை மாட்டிய கடைக்குப் போனால் ஆணி, கீல், தாழ்ப்பாள், பிவிசி குழாய் கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் சொல் அறிமுகமாவது அங்கேதான். பள்ளிக் கணினி அறையில் அதே சொல்லைக் கேட்டால் குழப்பம் வருவது இயல்பு. அந்தக் குழப்பத்தை அதட்டி அடக்கிவிடக் கூடாது. ஆங்கிலச் சொல்லே இரும்புக் கடையிலிருந்துதான் கணினிக்கு வந்தது.

‘வேர்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் விற்பனைச் சரக்கு. அதோடு ‘ஹார்டு’ சேர்ந்து, உலோகச் சாமான்களுக்குப் பொதுப்பெயராகப் பல நூற்றாண்டுகள் வழங்கியது. 1940களின் பிற்பகுதியில் கணினிப் பாகங்களைக் குறிக்க இதையே எடுத்துக்கொண்டார்கள். ‘சாப்ட்வேர்’ இதற்கு எதிர்ச்சொல்லாகப் பின்னால் பிறந்தது; கணினி நிரல் என்ற பொருளில் 1958இல் கணிதவியலாளர் ஜான் டூக்கி அதை அச்சில் பயன்படுத்தினார். புதுவையில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கணினிப் பாகங்களுக்கு அங்கே ‘மத்தேரியேல்’, அதாவது தளவாடம். இரும்புக் கடையின் பெயர் முற்றிலும் வேறு. அதே ஓசையில் மென்பொருளுக்கு ‘லொஜிசியேல்’ என்று ஒரு சொல்லையும் ஆக்கிக்கொண்டார்கள்.

தமிழில் வன்மை + பொருள் = வன்பொருள். பண்புப்பெயரின் ஈறு கெட்டு ‘வன்’ நிற்கிறது. வல்லினம், மெல்லினம் படித்த பிள்ளைக்கு வன்பொருள், மென்பொருள் என்ற இணை சட்டென்று பிடிபடும். விளையாத இறுகிய நிலத்தை வன்பால் என்கிறது திருக்குறள். அந்த ‘வன்’தான் இதுவும். எழுத்துப் பிழை ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘வண்பொருள்’ என்று மூன்று சுழி போட்டால் சொல்லே மாறிவிடும், ஏனெனில் வண்மை என்பது கொடைத்தன்மை. ‘வன்ப்பொருள்’ என்று ஒற்று மிகுவதும் தவறு.

இனி வரையறைக்கு வருவோம். ‘தொட முடிந்தது வன்பொருள், தொட முடியாதது மென்பொருள்’ என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் குறுவட்டைக் காட்டி ‘இது எது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த வரி தடுமாறும். மாற்றுவது எப்படி என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பதே நல்லது. திருகாணியைக் கழற்றியோ பாகத்தைப் பிடுங்கியோதான் மாற்ற முடியும் என்றால் வன்பொருள். பாகத்தைத் தொடாமல் அதில் உள்ளதை அழித்து எழுதி மாற்றலாம் என்றால் மென்பொருள். வட்டு வன்பொருள், அதில் எழுதியிருப்பது மென்பொருள். துணிபோல் வளையும் தட்டைக் கம்பிப் பட்டையும் வன்பொருளே, ஏனெனில் ‘வன்’ இங்கே கைக்குத் தெரியும் கடினத்தைக் குறிப்பதில்லை. வன்தட்டு என்னும்போது மட்டும் அது உண்மையிலேயே கடினம்தான். வளையும் நெகிழ்வட்டிலிருந்து பிரித்துக் காட்ட வந்த பெயர். இரண்டையும் ஒரே பொருளில் விளக்கக் கூடாது. பாகங்களையெல்லாம் இணைக்கும் பெரிய மின்சுற்றுப் பலகையான தாய்ப்பலகையின் சில்லிலேயே பதிந்திருக்கும் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) போன்றவற்றுக்கு நிலைப்பொருள் என்ற தனிச்சொல் உண்டு.

இன்னொரு திருத்தம் அவசியம். மேசைக்கடியில் இருக்கும் பெட்டியை எல்லோரும் ‘சிபியூ’ என்கிறார்கள். அது கணினிப்பெட்டி. சிபியூ என்கிற மையச் செயலகம் அதற்குள் தாய்ப்பலகையில், வெப்பம் கடத்தும் உலோகத் துண்டுக்கும் விசிறிக்கும் அடியில் இருக்கும் சிறு சதுரம்.

பெட்டியைத் திறந்து காட்டுவதைப் போன்ற பாடம் வேறில்லை. பழைய மேசைக் கணினி ஒன்று போதும். சுவரிலிருந்து மின்செருகியைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் தாய்ப்பலகையில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் பெயின்ட் பூசாத உலோகத்தைத் தொட வேண்டும். உடலில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கலாம். மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகி மின்தேக்கிகளில் நிற்கும், செருகியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

ரேம் எனும் தற்காலிக நினைவகப் பலகையைப் பிள்ளைகளே கழற்றி மாட்டலாம். முனைத் தாழ்களை விலக்கினால் பலகை மேலே எழும்பும். அடி விளிம்பில் உள்ள வெட்டு நடுவில் இல்லாததால் திருப்பி மாட்ட முடியாது. ரேம் வகைகளில் டிடிஆர்3க்கு 240 தொடுமுனை, டிடிஆர்4க்கு 288. வெட்டும் இடம் மாறுவதால் ஒன்றின் துளையில் மற்றொன்று நுழையாது. நுழையவில்லை என்றால் அழுத்தக் கூடாது என்பதை இங்கேயே பழக்கிவிட வேண்டும்.

விசிறி சுற்றியும் திரை இருண்டே கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ரேமைத்தான். நம் ஊர்க் கடற்காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. தொடுமுனையின் மெல்லிய தங்கப்பூச்சு தேய்ந்த இடத்தில் அடி உலோகம் களிம்பேறித் தொடர்பு விட்டுப்போகும். பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் துணியால் துடைத்து, இரு பக்கத்திலும் ‘க்ளிக்’ ஓசை வரும்வரை அழுத்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், அது பூச்சையே உரித்துவிடும். அதற்கும் திரை வரவில்லையென்றால் செயலகத்துக்கு மின்சாரம் தரும் 4 அல்லது 8 முனைக் கம்பி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கலாம். 24 முனைப் பெரிய இணைப்பை மட்டும் மாட்டிவிட்டு இதை மறப்பது சகஜம்.

மென்பொருள் கோளாறு போல வேடமிடும் வன்பொருள் கோளாறு ஒன்றையும் காட்ட வேண்டும். இணையதளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கும். உலாவியை மாற்றிப் பார்த்தும் தீராது. கடிகாரத்தைப் பார்த்தால் தேதி பல ஆண்டு பின்னால் நிற்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி அந்தத் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கிறது. காரணம், கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துபோனது. மின்சாரத்தைத் துண்டித்து, கொக்கியை விலக்கிப் பழையதை எடுத்து, கூட்டல் குறி மேலே தெரிய புதியதை வைக்க வேண்டும். பிறகு கணினியைப் போட்டதும் டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி, பயாஸில் தேதியையும் நேரத்தையும் திருத்திச் சேமிக்க வேண்டும்.