காற்றுப்பட்ட தூளில் செயல்மையத்தைத் தேடாதீர்கள்

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக மீத்தேனைப் பென்சீனாக்கும் வினையூக்கியின் கறுப்புத் தூள் ஒன்று எங்கள் பகுப்பாய்வுக் கூடத்துக்குக் கூரியரில் வந்திருக்கிறது. திருகுமூடி போட்ட சிறு கண்ணாடிக் குப்பி; மேலே ‘வினைக்குப் பின்’ என்று ஒட்டியிருந்தது. எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பை எக்ஸ்-கதிரால் கண்டறியும் முறை) மாலிப்டினம் கார்பைடு தெரியாவிட்டால், கார்பைடே உருவாகவில்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா என்று அனுப்பிய மாணவர் கேட்டிருந்தார்.

எழுதக் கூடாது.

மீத்தேனிலிருந்து நேரடியாக பென்சீன் பெறலாம் என்பதை, ஆக்சிஜன் சேர்க்காமல், மாலிப்டினம் ஏற்றிய இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட்டைக் (நுண்துளைகள் கொண்ட அலுமினோசிலிகேட் படிகம்) கொண்டு சீனாவின் டாலியன் வேதி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் 1993-இல் காட்டினார்கள். 700 டிகிரி செல்சியஸில் வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் மீத்தேன் மாற்றமே ஏறத்தாழ 12 விழுக்காடுதான். இவ்வினையில் நாம் உலையில் போடுவது மாலிப்டினம் ஆக்சைடு. மீத்தேன் பட்டதும் அதிலுள்ள ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடாகவும், கார்பன் டை ஆக்சைடாகவும், நீராகவும் வெளியேறி, மாலிப்டினம் கார்பைடாகவோ ஆக்சிகார்பைடாகவோ மாறிய பிறகே பென்சீன் தலைகாட்டுகிறது. எனவே போட்ட பொருளும் வேலை செய்த பொருளும் வேறு வேறு.

இனி எக்ஸ்ஆர்டிக்கு வருவோம். எனக்குப் பொறுமை போவது இங்கேதான். இசட்எஸ்எம்-5-இன் துளை அகலம் சுமார் 0.55 நானோமீட்டர். அதற்குள் அடங்கும் ஒரு கொத்தில் சில அணுக்களே இருக்க முடியும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக்கு வேண்டிய, அடுத்தடுத்து அடுக்கிய அணுத் தளங்கள் அதில் இல்லை. தளங்கள் இல்லாத இடத்தில் கூர்முனை எப்படி வரும்? அப்படியே கார்பைடு முனை தெரிந்தாலும், அது பெரும்பாலும் துளையை விட்டு வெளிப்பரப்புக்கு வந்து திரண்டு பெருத்த துகள்களின் முனைதான். அதைக் கண்டு மகிழ்ந்து ‘செயல்மையம் (வினை உண்மையில் நடக்கும் இடம்) கிடைத்தது’ என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எக்ஸ்பிஎஸ், அதாவது எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்து அணுக்களின் நிலையை அறியும் முறை. காற்றில் திறந்து வைத்த தூளில் 232 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலே ஆறு நேர்மின்சுமை கொண்ட (ஆக்சைடில் உள்ள) மாலிப்டினத்தின் முனையைக் கண்டு, ஆக்சைடு ஒடுங்கவே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். கார்பைடின் முனை 228-ஐ ஒட்டி வர வேண்டும். ஆனால் மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்தை மட்டும் பார்க்கும் கருவியிடம், மேற்பரப்பு ஆக்சிஜனேற்றமடைந்த மாதிரியைக் கொடுத்தால் அது வேறு என்ன சொல்லும்?

அமில மையங்களையும் வாங்கிய சியோலைட்டின் சிலிக்கான்-அலுமினிய விகிதத்திலிருந்து கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஏற்றிய மாலிப்டினம் பிரான்ஸ்டெட் மையங்களில்தான் (புரோட்டான் தரும் அமில மையங்கள்) போய் உட்காருகிறது. அகச்சிவப்பு நிறமாலையில் 3610 செ.மீ⁻¹-இல் உள்ள ஹைட்ராக்சில் பட்டை குறைவதைக் கண்ணாலேயே காணலாம். அம்மோனியா வெப்பநிலை விடுவிப்பு (ஒட்டிய அம்மோனியாவைச் சூடாக்கி வெளியேற்றி அளத்தல்) மட்டும் போதாது, ஏனெனில் அம்மோனியா லூயிஸ் மையங்களிலும் (எலக்ட்ரான் இணையை ஏற்பவை) ஒட்டும். பிரிடின் ஏற்றி 1545 (பிரான்ஸ்டெட்), 1450 (லூயிஸ்) பட்டைகளைத் தனித்தனியே அளவிடுங்கள்.

உலையை நிறுத்தும்போது மீத்தேனை மூடி, ஆர்கானோ ஹீலியமோ ஓடிக்கொண்டிருக்கையிலேயே அறை வெப்பநிலைக்குக் குளிர விடுங்கள். குழாயின் இரு முனைகளையும் வால்வால் அடைத்து, அப்படியே காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோய்த் திறங்கள். புதிதாக உருவான நுண்ணிய கார்பைடு காற்றில் தானே தீப்பற்றக்கூடியது. 1 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த வாயுவால் மெல்லப் பதப்படுத்தினால் ஆபத்து தணியும், உட்பகுதியும் பிழைக்கும். ஆனால் அதன் மேற்பரப்பை அளப்பதில் பொருளில்லை. காற்றில் சுட்ட பின் மந்த வாயுவால் கழுவாமல் மீத்தேனைத் திறக்கவே கூடாது. ஆரம்ப நிமிடங்களில் வருவது மணமற்ற கார்பன் மோனாக்சைடு, பிறகு வருவது புற்றுநோய் தரும் பென்சீன் என்பதால், வெளியேறும் குழாய் புகைபோக்கிப் பெட்டிக்குள் இருந்தே ஆக வேண்டும். வசதி கிடைத்தால் வினை நடக்கையிலேயே எக்ஸ்-கதிர் உட்கவர்வை அளவிடுங்கள். அதுவும் எல்லா மாலிப்டினத்தின் சராசரியைத்தான் தரும் என்பதை மறவாமல்.

இனி தயவுசெய்து குப்பியின் மேல் மூன்று செய்திகளை எழுதி அனுப்புங்கள்: எந்த வாயுவில் குளிர்ந்தது, எத்தனை டிகிரியில் திறந்தீர்கள், திறந்து எத்தனை நாளாயிற்று. மேற்படி மாணவரிடம் நான் கேட்டபோது, மூன்றாவதற்கு மட்டும் விடை வந்தது: நாற்பது நாள்.