முள் ஏறவில்லை என்றால் இன்ஜின் சூடாகவில்லை என்று அர்த்தமில்லை

போன வாரமும் ஒன்று வந்தது. டீசல் வேன், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வேறொரு இடத்தில் போரிங் (சிலிண்டரைக் கடைவது), ஹெட் பேசிங் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாக்குவது) எல்லாம் முடித்து இன்ஜின் ஏற்றி மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. சமயபுரம் டோல்கேட் தாண்டியதும் புகை விட்டு நின்றுவிட்டதாம். கழற்றிப் பார்த்தால் ஹெட்டுக்கு அடியில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கருகிக் கிடக்கிறது, அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளைப் பற்றிப் பக்கத்தில் நின்ற ஓனர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "முள்ளு பாதியத் தாண்டவே இல்லண்ணே."

இதே வாக்கியத்தை இந்த வருடம் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான், வேலை முடித்த இன்ஜினில் காற்று நிற்காமல் தண்ணீர் நிரப்புவது எப்படி என்று எழுதுகிறேன்.

முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால் அதற்குச் சூடு உறைக்காது. தோசைக்கல்லுக்கு ஒரு அடி மேலே கையைப் பிடித்துப் பாருங்கள், கை சுடாது. அதற்காகக் கல் ஆறிவிட்டது என்று அதன்மேல் உட்காருவீர்களா? ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் பாதியில் படுத்துக் கிடக்கும், சமயத்தில் கீழேகூட இறங்கும். கேஜ் பொய் சொல்லவில்லை, காற்றின் சூட்டைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

காற்று எப்படி உள்ளே வந்தது? வேலை முடித்த இன்ஜின் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கும். சூடானால்தான் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு தெர்மோஸ்டாட்; இன்ஜின் குளிர்ந்திருப்பதால் அதுவும் மூடியிருக்கும். நீங்கள் ரேடியேட்டர் வாயில் ஊற்றுகிறீர்கள், கழுத்துவரை வந்துவிடுகிறது, "ஃபுல்" என்று மூடியைத் திருகிவிடுகிறீர்கள். ரேடியேட்டர்தான் ஃபுல். ஹெட்டில் பாதி காற்று.

அதனால் அளந்து ஊற்றுங்கள். மேனுவலில் 7 லிட்டர் என்று போட்டிருந்து 5 லிட்டர்தான் உள்ளே போயிருக்கிறது என்றால், மிச்சம் 2 லிட்டருக்கான இடத்தில் என்ன இருக்கிறது? இந்தக் கணக்கை ஒருவரும் போடுவதில்லை. லேத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களுக்கு அளவு போட்ட ஒரு ஜக் வாங்க மனம் வருவதில்லை.

நான் செய்வது இதுதான். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைப் பூட்டுவதற்கு முன்னாலேயே அந்த ஓட்டை வழியாக பிளாக்கில் ஊற்றிவிடுவேன். தெர்மோஸ்டாட்டில் குட்டி ஊசி ஆடுகிற துளை இருந்தால் அது மேல்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். வண்டியின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, காற்று எடுக்கிற ஸ்க்ரூவைத் திறந்து வைத்து நிதானமாக ஊற்ற வேண்டும். நடுநடுவே மேல் ஹோஸைக் கையால் பிசைந்தால் குமிழ் குமிழாக வரும். அது நிற்கிற வரைக்கும் சாவியைத் தொடாதீர்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிப் போடுங்க" என்று சொல்லும் அறிவாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே திருப்பும் பை-பாஸ் பாதை உள்ள பல இன்ஜின்களில், சூடானதும் அந்தப் பாதையை அடைப்பதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளேயே சுற்றும். பை-பாஸ் இல்லாத வண்டியில் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, புது பிஸ்டன் ரிங் தேயும். அது வேலை செய்கிறதா என்று சந்தேகமா? பாத்திரத்தில் வெந்நீர் வைத்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். திறக்காவிட்டால் புதிதாக வாங்குங்கள்.

பழைய ரேடியேட்டரை அப்படியே மாட்டாதீர்கள். முந்தைய இன்ஜின் ஹெட் கேஸ்கெட் போய்ச் செத்திருந்தால் ரேடியேட்டருக்குள் ஆயில் கலந்த சேறு நிற்கும். கொடுத்து ராடிங் (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது) பண்ணுங்கள். ஒருமுறை ஒரு ரேடியேட்டரின் உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் தட்டுப்பட்டது. ஒழுகலை நிறுத்த டிரைவர் போட்ட மஞ்சள் தூள்! வழியில் மாட்டிக்கொண்டால் ஊர் போய்ச் சேர அது கை கொடுக்கும், மறுக்கவில்லை. அதைக் கழுவாமல் புது இன்ஜினோடு சேர்ப்பது எந்த ஊர் நியாயம்? ஹோஸ், கிளிப், மூடி மூன்றும் புதுசு போடுங்கள். மூடியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். அது 1 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ரப்பர் செத்த மூடி என்றால் 100-லேயே கொதித்துவிடும்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வீட்டில் பக்கெட்டில் படியும் உப்பைப் பார்க்கிறீர்கள்தானே, அதேதான் உள்ளேயும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கடையில் விற்கும் ரேடியேட்டர் திரவமான கூலன்ட்டும் பாதிப் பாதி, இல்லையென்றால் கலந்தே வரும் கேன். பச்சையோடு சிவப்பைக் கலக்காதீர்கள், ஒரே நிறமாக இருந்தாலும் ஒரே வகை என்று நம்பாதீர்கள்.

ஸ்டார்ட் பண்ணும் முன் ரேடியேட்டர் வாயில் முள் வைத்த கை பம்பு வைத்து, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். பம்பின் முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. தண்ணீர் நேரடியாகத் தொடும் லைனர் (சிலிண்டருக்குள் மாட்டும் குழல்) உள்ள லாரி இன்ஜின் என்றால், அடியில் ஆயில் நிற்கும் சம்ப் மூடுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுக் கீழே பாருங்கள். லைனரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கசிவது அங்கேதான் தெரியும். ஆயிலில் தண்ணீர் கலந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

ஸ்டார்ட் ஆனதும் டீ குடிக்கப் போகாதீர்கள். முதல் இருபது நிமிடம் வண்டியோடு நில்லுங்கள். ஒரு கட்டத்தில் மேல் ஹோஸ் சட்டென்று சுட வேண்டும், பிறகு ஃபேன் ஓட வேண்டும். இன்ஜின் சூடாகியும் ஹோஸ் ஜில்லென்று இருந்தாலும், ஸ்டார்ட் ஆன ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் உடனே ஆஃப் பண்ணுங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். மறுநாள் காலை ஆறிய பிறகு திறந்து பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் குறைந்திருக்கும், ஊற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். வடித்த கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கிட்னி போய்ச் செத்துவிடும். எங்கள் பட்டறை வாசலிலும் ஒரு கருப்பு நாய் படுத்திருக்கும். அதற்காகவே மூடி போட்ட கேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.