தூரிகை முடி ஏன் ஒட்டிக்கொள்கிறது?

“பழைய சீன எழுத்துக்கலைஞர் யென் ஜென்சிங்கின் கையெழுத்தைப் படத்தில் பார்த்தேன். எழுத்துகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள். 1,200 வருஷத்தில் மை உதிர்ந்துவிட்டதா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உதிரவில்லை. எழுதிய அன்றைக்கே அது அப்படித்தான் இருந்தது.

சீன மை என்பது கரிப்புகையும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசையும். கரி வெளிச்சத்தில் வெளுக்காது. பசை, கரித்துகள்கள் கட்டி தட்டாமல் பார்த்துக்கொள்ளும், காய்ந்ததும் தாளோடு பிடித்துக்கொள்ளும். மையின் கதை அவ்வளவுதான். ரகசியம் தூரிகையில்.

பிள்ளைகளின் பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுங்கள். காய்ந்திருக்கும்போது முடி பரட்டையாக நிற்கும். தண்ணீர் டம்ளருக்குள் முக்கிப் பாருங்கள்: அப்போதும் பரட்டைதான்! வெளியே இழுத்தால்தான் ஊசிபோலக் குவிகிறது. ஆக, முடியை ஒட்டவைப்பது ஈரம் அல்ல, ஈரத்தின் மேற்பரப்பு. நீர் தன் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கிறது, முடிகளும் சேர்ந்து நெருங்குகின்றன. தண்ணீருக்குள்ளே முடியைச் சுற்றி அப்படியொரு மேற்பரப்பே கிடையாது. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

எழுத எழுத மை தாளுக்குப் போய்விடும். மிச்ச மைக்கு எல்லா முடியையும் சேர்த்துப் பிடிக்கத் தெம்பு இருக்காது. கற்றை இரண்டாக, நாலாகப் பிரியும். ஒவ்வொரு பிரியும் தனிக்கோடு இழுக்கும், நடுவில் தாள் தெரியும். சீனத்தில் இதற்கு ஃபெய்பாய் என்று பெயர், ‘பறக்கும் வெள்ளை’.

353-இல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய வாங் ஷீஜீயைத்தான் எழுத்துக்கலையின் மகான் என்பார்கள். அவர் பலகையில் எழுதினால் மை மரத்துக்குள் ஆழமாக இறங்குமாம், கைவலிமையாம். மரம் மை குடிக்க மகான் எதற்கு? அது கிடக்கட்டும். புகழ்பெற்ற அந்த முன்னுரையின் மூலம் இன்று இல்லை. கையில் இருப்பவை நகல்கள். ஓரத்தை வரைந்துகொண்டு உள்ளே மை நிரப்புவது அந்தக் கால நகல்முறை. அதில் வெள்ளைக் கீற்றுகூட வரைந்ததாகவே இருக்கும்.

யென் ஜென்சிங்குடையது மூலம், அதுவும் வரைவு. தளபதி ஆன் லுஷான் சீனப் பேரரசுக்கு எதிராக நடத்திய கிளர்ச்சியில், யென்னுக்கு அண்ணன் முறையானவரின் மகன் ஜிமிங் கொல்லப்பட்டான். தலை மட்டுமே கிடைத்தது. படையலின்போது வாசிப்பதற்கான இரங்கலுரையை 758-இல் எழுதியிருக்கிறார். அடித்தல் திருத்தலோடு தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறுபடி அந்தப் படத்தைத் திறந்து வலமிருந்து பாருங்கள். எழுத்துகள் வெளிறி, கீறலாகி, காய்ந்துகொண்டே போகும். சட்டென்று ஒன்று கன்னங்கரேலென்று நிற்கும். அங்கேதான் மை தொட்டிருக்கிறார்.